மரச்சீனியின் மண்ணடி நண்பன்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து ஊர்ப் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இஞ்சிவிளை, அமரவிளை, எல்லையைத் தாண்டி இறங்கினால் களியக்காவிளை. 'விளை' என்றால் மேட்டுநிலத் தோட்டம். பள்ளத்தில் இருக்கும் நெல்வயல் 'ஏலா'. ஊர்ப் பெயரிலேயே தோட்டத்தை வைத்துக்கொண்டவர்கள் நம் எல்லையோர மக்கள். 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடும், நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடும் சேர்ந்தன. கோட்டின் இருபுறமும் விளைகளில் நின்ற பயிர் மட்டும் மாறவில்லை. தென்னை, ஏத்தன் வாழை, நல்லமிளகு, அவற்றின் நடுவே மரச்சீனி.

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்தப் பக்கம் பத்து சென்ட் ஆனாலும் ஒரு விளை உண்டு. நாம் வெளியூரில், விளையைப் பார்த்துக்கொள்வது அண்ணனோ, மைத்துனரோ, குத்தகைக்காரரோ. விடுமுறைக்குப் போகும்போது நாம் கேட்கும் வாசகம் பெரும்பாலும் ஒன்றுதான்: "மண்ணு செத்துப் போச்சு. உரம் போட்டு முடியல. வித்துருவோம்." இந்த வாசகத்தை நம்பி எத்தனையோ விளைகள் வீட்டுமனைகளாகிவிட்டன. மண் உண்மையிலேயே செத்துவிட்டதா? இந்தக் கேள்விக்குத் தாவர விஞ்ஞானிகள் கடந்த சில பத்தாண்டுகளில் கண்டறிந்தவை நல்ல பதில் தருகின்றன. நான் விஞ்ஞானி அல்லன். டிப்ளமோ படித்து, இரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். படித்துப் புரிந்துகொண்ட அளவில் அன்பர்களுக்குச் சொல்கிறேன்.

பிரேசிலிலிருந்து வந்த விருந்தாளி

மரச்சீனி நம் நாட்டுப் பயிர் அன்று. அதன் தாயகம் தென் அமெரிக்கா. போர்த்துகீசியர் வழியாக இங்கு வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதைப் பயிரிடும்படி மக்களை ஊக்குவித்தார். அதன் பயன் அறுபது ஆண்டு கழித்துத் தெரிந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபோது, திருவிதாங்கூர் ஏழை மக்களின் வயிற்றைக் காத்தது இந்தக் கிழங்குதான். நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

இந்தப் பயிரைப் பற்றி ஒரு புதிர் இருந்தது. மரச்சீனியின் வேர்கள் பருமனானவை, எண்ணிக்கையில் குறைவு, வேர்த்தூவிகளும் அதிகம் இல்லை. அப்படிப்பட்ட வேர் மண்ணிலிருந்து மணிச்சத்தை, அதாவது பாஸ்பரசை, திறமையாக உறிஞ்ச முடியாது. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து ஆய்வாளர்கள் மண்ணே இல்லாமல், சத்துக் கரைசல் ஓடும் தொட்டிகளில் மரச்சீனியை வளர்த்துப் பார்த்தார்கள். மற்றப் பயிர்களைவிட மிக அதிக மணிச்சத்து கொடுத்தால்தான் அது வளர்ந்தது. ஆனால் தோட்டத்தில் நிலைமை நேர்மாறு. வேறு எதுவும் தேறாத சத்தற்ற செம்மண்ணில்கூட மரச்சீனி கிழங்கு வைத்துவிடுகிறது. தொட்டியில் பெருந்தீனிக்காரன், தோட்டத்தில் அரைவயிற்றுக்காரன். இது எப்படி?

விடை, தொட்டியில் இல்லாமல் மண்ணில் மட்டும் இருக்கும் ஒன்றில் இருந்தது. அது ஒரு பூஞ்சை. கொலம்பியா நாட்டுச் சர்வதேச வெப்பமண்டல வேளாண் மையத்தைச் சேர்ந்த ரைன்ஹார்ட் ஹவலர் என்ற விஞ்ஞானியும் குவீன்ஸ்லாந்து ஆய்வாளர்களும் 1982இல் வெளியிட்ட ஆய்வில், கரைசல் தொட்டியில் வளர்ந்த மரச்சீனி வேரிலும் இந்தப் பூஞ்சையைக் குடியேற்றி, மணிச்சத்து உறிஞ்சுவதில் அதன் பங்கைக் காட்டினார்கள். நம் வீட்டருகிலேயே, திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963இல் தொடங்கப்பட்ட மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்திலும் இந்த ஆய்வு நடந்தது. மரச்சீனிச் செடியைக் கொண்டே இப்பூஞ்சையைப் பெருக்கலாம் என்று அங்கிருந்த வி.பி. போற்றி 1985இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் டி.ஜே. பாக்யராஜ் இத்துறையை வளர்த்த முன்னோடி. 1984இல் இப்பூஞ்சை பற்றி உலக அளவில் பயன்பட்ட ஒரு நூலைத் தொகுத்தவர்களில் ஒருவர்.

வேருக்குள் ஒரு மரம்

இந்தப் பூஞ்சையை மைக்கோரைசா என்பார்கள். கிரேக்க மொழியில் பூஞ்சை வேர் என்று பொருள். 1885இல் ஜெர்மானியத் தாவரவியலார் ஆல்பர்ட் பிராங்க் இட்ட பெயர். நமது விளைகளில் இருக்கும் வகையைத் தமிழக வேளாண் துறையினர் 'வேர் உட்பூசணம்' என்று அழகாக அழைக்கிறார்கள். பெயருக்கேற்ப அது வேரின் உள்ளே புகுகிறது. வேர் உயிரணுவுக்குள் சென்று மிக நுண்ணிய கிளைகளாகப் பிரிந்து ஒரு குட்டி மரம் போல் நிற்கிறது. கொடுக்கல் வாங்கல் நடக்கும் சந்தை அதுதான்.

வெளிப்புறம் அதன் இழைகள் மண்ணுக்குள் பல சென்டிமீட்டர் தூரம் ஓடுகின்றன. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியவை. வேர் நுழைய முடியாத மண் துகள்களின் இடுக்கில் நுழைந்து மணிச்சத்தைக் கொண்டுவருகின்றன. பதிலுக்குச் செடி தான் இலையில் சமைத்த சர்க்கரையைக் கொடுக்கிறது. கொழுப்பையும் கொடுக்கிறது என்பது 2017இல் உறுதியாயிற்று. இப்பூஞ்சையால் கொழுப்பமிலத்தைத் தானே தயாரிக்க முடியாது. எனவே உயிருள்ள வேர் இல்லாமல் அது வளர்ந்து பெருகாது. செடி தன் சமையலில் 4 முதல் 20 சதவீதம் வரை இந்த விருந்தாளிக்கு ஒதுக்குவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். சிறிய செலவு அன்று.

இந்த உறவு நேற்று வந்ததும் அன்று. ஸ்காட்லாந்தில் கிடைத்த 40 கோடி ஆண்டுப் பழமையான செடிப் படிமங்களிலேயே இதே குட்டி மரங்கள் காணப்படுகின்றன. சரியான வேர் என்ற உறுப்பே அப்போது செடிகளுக்கு உருவாகியிருக்கவில்லை. இன்று நிலத்தில் வளரும் செடி வகைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்கு இத்துணை உண்டு. நெல், வாழை, தென்னை, மிளகு, மரச்சீனி எல்லாம் இதில் அடங்கும். கடுகு, முட்டைக்கோஸ் குடும்பம் போன்ற சில மட்டுமே விலக்கு. பிரேசிலிலிருந்து வந்த மரச்சீனி பாறசாலை மண்ணில் பிழைத்ததற்கு, இங்கிருந்த பூஞ்சை அதை அந்நியன் என்று தள்ளாததும் ஒரு காரணம்.

டோக்கன் இல்லாமல் வண்டி நுழையாது

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. செடிகளைக் கொல்லும் நோய்களில் பெரும்பாலானவை பூஞ்சைகளால் வருபவை. நம் ரசகதலி வாழையை வாட்டும் பனாமா வாடல் நோய் பியூசேரியம் என்ற மண் பூஞ்சையால் வருவது. அதே இனம்தான் பருத்தியையும் வாட்டுகிறது. அது சுரக்கும் நஞ்சைப் பற்றி ஆராய்ந்து புகழ் பெற்றவர் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டி.எஸ். சதாசிவன். 1974இல் பத்ம பூஷண் பெற்ற தமிழர். அப்படியானால், பூஞ்சை என்றாலே கதவடைக்க வேண்டிய செடி, ஒரு பூஞ்சையை மட்டும் அடுக்களை வரை விடுவது எப்படி?

செடிக்கு நம்மைப்போல் இரத்தமோ வெள்ளை அணுவோ கிடையாது. ஒவ்வொரு உயிரணுவும் தனக்குத் தானே காவல். உயிரணுவின் வெளிச்சவ்வில் 'ஏற்பி' எனப்படும் புரதங்கள் காவலாளிபோல் நிற்கின்றன. பூஞ்சையின் உடற்சுவர் கைட்டின் என்ற பொருளால் ஆனது. இறால் ஓட்டில் இருப்பதும் அதுவே. பூஞ்சை நெருங்கும்போது இந்தக் கைட்டின் துணுக்குகள் உதிர்கின்றன. எட்டுக் கண்ணி கொண்ட நீண்ட துணுக்கு வந்தால் காவலாளி அபாயச் சங்கு ஊதுகிறான். செடி தன் சுவரைத் தடிப்பாக்கி, நச்சுப் பொருள் சுரக்கிறது. நான்கைந்து கண்ணி கொண்ட குட்டைத் துணுக்கு வந்தால் வரவேற்பு ஏற்பாடு தொடங்குகிறது. இதில் பெரிய வியப்பு, நெல்லில் இந்த இரண்டு செய்திகளுக்கும் ஒரே ஏற்பி தேவைப்படுகிறது என்பது. 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். அதன் பெயர் செர்க்-1. உடன் சேரும் கூட்டாளிப் புரதம் யார் என்பதைப் பொறுத்து அதே காவலாளி சங்கும் ஊதுவான், கதவும் திறப்பான்.

எனக்கு இது பழைய ஒற்றை வழிப் பாதைகளின் டோக்கன் முறையை நினைவூட்டியது. இரு நிலையங்களுக்கு இடையே ஒரே தண்டவாளம். இரு முனையிலும் ஒன்றோடொன்று மின்கம்பியால் பிணைத்த கருவிகள். இரு நிலைய அதிகாரிகளும் சேர்ந்து இயக்கினால்தான் ஓர் உருண்டை வெளியே வரும். அது ஓட்டுநர் கையில் இருந்தால்தான் வண்டி அந்தப் பகுதிக்குள் நுழையலாம். செடியும் பூஞ்சையும் இதையே செய்கின்றன. ஒருதலை விருப்பம் போதாது. இரு முனையிலும் கைப்பிடி அழுத்தப்பட வேண்டும்.

முதல் அழுத்தம் செடியுடையது. மணிச்சத்துப் பசி வந்ததும் அதன் வேர் ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற பொருளை மண்ணில் கசியவிடுகிறது. இதன் கதை சுவையானது. 1966இல் பருத்தி வேரிலிருந்து இவ்வகைப் பொருள் ஒன்றை முதலில் பிரித்தபோது, சுடுமல்லி என்ற வேர் ஒட்டுண்ணிக் களையின் விதையை முளைக்கவைக்கும் பொருளாகத்தான் அதை அறிந்தார்கள். தன்னைக் கொல்ல வருபவனுக்குச் செடி ஏன் அழைப்பு அனுப்ப வேண்டும் என்பது விளங்கவில்லை. சுமார் நாற்பது ஆண்டு கழித்து, 2005இல், ஒசாகாவைச் சேர்ந்த கோகி அகியாமா குழுவினர் விடை கண்டார்கள். அழைப்பு பூஞ்சை நண்பனுக்கு. சுடுமல்லி அதை ஒட்டுக்கேட்கிறது. இந்த அழைப்பைக் கேட்ட பூஞ்சை இழை கிளைவிட்டு வேரை நாடுகிறது, குட்டைக் கைட்டின் துணுக்குகளையும் அதிகமாக வெளியிடுகிறது. இரண்டாம் முனையின் கைப்பிடி அது.

கேம்பிரிட்ஜில் நெற்பயிரை வைத்து இதை ஆராய்பவர் ஊட்டா பாஸ்கோவ்ஸ்கி என்ற பெண் விஞ்ஞானி. ஓர் ஏற்பி இல்லாத நெல்வகை இப்பூஞ்சையை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்று 2015இல் இவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்டனர். ஆச்சரியம் என்னவென்றால், காட்டுத்தீக்குப் பின் விதைகளை முளைக்கத் தூண்டும் புகைப் பொருளை உணரும் ஏற்பியும் அதுவே.

நண்பன் முற்றிலும் வெள்ளந்தி என்றும் நினைக்க வேண்டாம். 2011இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ ஆய்வாளர்கள், இப்பூஞ்சை எஸ்.பி.-7 என்ற புரதத்தைச் செடியின் உயிரணுவுக்குள் செலுத்தி எதிர்ப்பைத் தணிப்பதைக் கண்டார்கள். செடியும் ஏமாளி அன்று. உள்ளே வளரும் ஒவ்வொரு குட்டி மரத்தையும் சில நாட்களில் கரைத்துவிடுகிறது. நல்ல சம்பந்திகள்போல் இரு பக்கமும் கணக்குப் பார்த்தே நடந்துகொள்கின்றன. இந்த உறவில் வாழும் செடியின் தற்காப்பும் கூர்மையாகிறது; தக்காளி முதலிய பயிர்களில் சில மண்வழி நோய்களை அது விரைவாக எதிர்ப்பதைக் கண்டிருக்கிறார்கள்.

அழைப்பு நின்றுபோவது எதனால்?

இனி நம் விளைக்கு வருவோம். செடி பசித்தால்தான் அழைக்கும் என்றேன். வயிறு நிறைந்திருந்தால்? அழைக்காது. மண்ணில் மணிச்சத்து மிகுந்தால் வேர் ஸ்ட்ரிகோலாக்டோன் கசியவிடுவதைக் குறைக்கிறது. பூஞ்சையை வரவேற்கும் மரபணுக்களையும் அடக்கிவைக்கிறது. இந்தப் பூட்டு எங்கே இருக்கிறது என்பதை 2021இல் சீன ஆய்வாளர்கள் நெல்லில் விளக்கினார்கள். செடியின் நோக்கில் இது நியாயமே. வீட்டில் அரிசி நிறைந்திருக்கையில் கூலிக்கு ஆள் வைப்பார் யார்?

நமது எல்லையோர மண் செம்புறை மண். அமிலத் தன்மை கொண்டது. இரும்பும் அலுமினியமும் நிறைந்தது. போடும் மணிச்சத்தை இவை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மழை அதைத் தழைச்சத்துபோல் அடித்துச் செல்வதில்லை. ஆண்டுதோறும் மூட்டை மூட்டையாகக் கலப்பு உரம் போட்டால் மணிச்சத்து சேர்ந்துகொண்டே போகும். கேரளம் முழுவதும் நடந்த மண் பரிசோதனைகளில் பெரும்பாலான இடங்களில் மணிச்சத்து அதிகமாகவே காணப்பட்டது. பற்றாக்குறையாக இருந்தவை சுண்ணாம்புச்சத்து, மெக்னீசியம், போரான் போன்றவை. பயிர் வெளிறினால் நாம் போடுவது மறுபடியும் அதே மூட்டை!

எங்கள் குடும்பத்து விளை பாறசாலைக்குக் கிழக்கே இருக்கிறது. என் மைத்துனர்தான் பார்த்துக்கொள்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் மண் பரிசோதனைக்குக் கொடுக்கலாம் என்றேன். அவருக்கு நம்பிக்கை இல்லை. "ஊர்ல எல்லாரும் போடுதாங்க, அத்தான். நாம மட்டும் உரம் போடலேன்னா கிழங்கு வைக்குமா?" என்றார். கேள்வி நியாயமானது. ஒரு போகம் போனால் அவர் வீட்டுச் செலவுதான் இடிக்கும், என் பென்ஷன் அல்ல. அட்டை வந்தது. அமிலம் அதிகம், மணிச்சத்து மிக அதிகம், சாம்பல் சத்து குறைவு. அந்த ஆண்டு மணிச்சத்து உரத்தை நிறுத்தி, சுண்ணாம்பும் சாணமும் சாம்பல் சத்தும் மட்டும் இட்டார். மூட்டுக்கு மூடு கிழங்கு முன்போலவே வந்தது. உரக்கடைப் பாக்கி குறைந்தது. ஒரு விளையின் ஒரு பருவத்தை நிரூபணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மைத்துனர் இப்போது அட்டையைப் பார்க்காமல் மூட்டை வாங்குவதில்லை.

இதில் நாட்டுக் கணக்கும் உண்டு. மணிச்சத்து உரம் பாறையிலிருந்து வருவது. இந்தியாவில் அந்தப் பாறை குறைவு. மொராக்கோ, ஜோர்டான் முதலிய நாடுகளிலிருந்து பாறையாகவோ உரமாகவோ இறக்குமதி செய்கிறோம். கப்பலில் வந்ததை மண்ணில் பூட்டிவைத்து, அதைத் திறக்கத் தெரிந்த பூஞ்சையையும் வேலையிலிருந்து நிறுத்தி வைப்பது எந்தக் கணக்கில் சேர்த்தி?

விடுமுறையில் செய்யக்கூடியவை

முதலாவது, மண் பரிசோதனை. உரமிட்ட இடம், வரப்பு, மரத்தடி, குப்பைக்குழி ஆகியவற்றைத் தவிர்த்து, விளையில் எட்டுப் பத்து இடங்களில் புல்லை நீக்குங்கள். மண்வெட்டியால் 'வி' வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, பக்கச் சுவரிலிருந்து ஒரே கனத்தில் மண் சீவி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டை நீக்குங்கள். அரைக்கிலோ ஆகும்வரை இப்படியே செய்து நிழலில் உலர்த்துங்கள். நெய்யாற்றின்கரைப் பக்கம் கிருஷி பவனிலும், எல்லைக்கு அப்பால் வேளாண் விரிவாக்க மையத்திலும் வழி சொல்வார்கள்.

இரண்டாவது, அட்டை சொல்வதைப் போடுவது. மணிச்சத்து மிகுந்தால் அதைக் குறைப்பதும் நிறுத்திவைப்பதும் பரிந்துரையில் உள்ளதுதான். உரமே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. மரச்சீனி சாம்பல் சத்தை மண்ணிலிருந்து நிறைய எடுக்கும். அதைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் மண் உண்மையிலேயே வறண்டுவிடும். மணிச்சத்து குறைவு என்று அட்டை சொன்னால் அதையும் போடத்தான் வேண்டும்.

மூன்றாவது, மண்ணை வெறுமையாகப் போடாதிருப்பது. உயிருள்ள வேர் இல்லாவிடில் பூஞ்சைக்கு உணவில்லை. தேவையில்லாமல் கொத்திக் கிளறுவதும் அதன் இழை வலையை அறுக்கும். மரச்சீனிக்கு இடையே தட்டைப்பயறு போடும் பழைய வழக்கம் இந்த வகையிலும் நல்லதே.

நான்காவது, கடையில் விற்கும் வேர் உட்பூசணப் பொடி. நாற்றுக்கும் புதிதாக நடும் கம்புக்கும் இது உதவலாம். புது வேர் தொடும்படி குழியில் இட வேண்டும். மேலே தூவிப் பயனில்லை. மண்ணில் ஏற்கெனவே பூஞ்சை நன்றாக இருந்தாலும், மணிச்சத்து மிகுந்திருந்தாலும் பெரிய வேறுபாடு தெரியாது. எனவே முதலில் சோதனை, பிறகு பொடி.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இப்பூஞ்சை சர்வரோக நிவாரணி அல்ல. மரச்சீனி இலை மஞ்சள் திட்டாகிச் சுருங்கும் தேமல் நோய் வைரசால் வருவது. வெள்ளை ஈயும், நோயுள்ள கம்பை நடுவதும் அதைப் பரப்புகின்றன. அதற்கு மருந்து, தேமல் இல்லாத செடியிலிருந்து கம்பு எடுப்பதும், எதிர்ப்புச் சக்தி உள்ள இரகத்தை நடுவதும்தான். நைஜீரியாவிலிருந்து வந்த இரகத்தை ஸ்ரீகாரியம் நிலையத்தார் ஸ்ரீ பத்மநாபா என்ற பெயரில் வெளியிட்டிருக்கிறார்கள். மரச்சீனி மறுபடியும் கடல் கடந்து வந்திருக்கிறது!

விளையை விற்பதும் வைத்திருப்பதும் அவரவர் குடும்பச் சூழ்நிலை. மகள் திருமணம், மருத்துவச் செலவு, பார்த்துக்கொள்ள ஆளில்லாமை என்று காரணம் ஆயிரம் இருக்கலாம். அவற்றில் எதையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் மண் செத்துவிட்டது என்பதை மட்டும் சோதிக்காமல் ஒரு காரணமாக ஏற்காதீர்கள். நாற்பது கோடி ஆண்டுகளாகச் செடிக்குத் துணைநின்ற ஒன்று, நாலைந்து பத்தாண்டு உரமூட்டையால் அடியோடு அழிந்திருக்க வாய்ப்பில்லை. பெரும்பாலும் அது அழைப்புக்காகக் காத்திருக்கிறது. அரைக்கிலோ மண்ணும் ஒரு காலைப்பொழுதும் போதும், உங்கள் விளையில் நிலைமை என்ன என்று தெரிந்துகொள்ள.